பொருநைக்கரை இல்லங்களில் நாயும் பூனையும்

வேந்தர் வரலாறும் கோயில் வரலாறும் நம் நாட்டில் ஒருவாறு எழுதப்பெற்றுவிட்டன. நிலவரி, நீர்ப்பாசனம் ஆகியவற்றின் வரலாறும் எழுதப்பெற்று வருகின்றன. ஆயின், மக்கள் நாள்தோறும் உண்டு உறங்கி எழுந்த இல்லத்தின் உள்வாழ்க்கை இன்னும் ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு முழுதும் புலப்படவில்லை. அவ்வுள்வாழ்க்கையிலும் நாயையும் பூனையையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனாலும், வீட்டின் எந்தப் பகுதி யாருக்கு உரியது, இரவில் கதவை எப்பொழுது அடைப்பது, பாலை எங்கே வைப்பது, பானையின் அடியில் எஞ்சிய சோறு யாருக்குப் போவது என்பனவெல்லாம் இவ்விரு விலங்குகளையும் எண்ணியே முடிவு செய்யப்பெற்றன என்பதை அறியும்பொழுது நகைப்பு அடங்கிவிடும். மக்கள் இவற்றை வளர்த்தனர் என்பது உண்மையே. அதனினும் மிகுதியாக இவை மக்களின் இல்லத்தை வகுத்தன என்பது நம் கருத்து. இதனை அம்பாசமுத்திரத்தையும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலில் வீட்டின் அமைப்பை நோக்குதல் வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் ஆகிய ஊர்களின் பழந்தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. தெருவை அடுத்துத் திண்ணை, அதனைக் கடந்தால் நடை, பின்னர்த் தார்சா, அதன்பின் பட்டாசல், அதற்கும் அப்பால் அடுக்களை, இறுதியிற் புறவாசல். தெருவிலிருந்து உள்ளே செல்லச் செல்ல, அங்குச் செல்லும் உரிமை படைத்தோர் தொகை குறைந்துகொண்டே வரும். வழிப்போக்கன் திண்ணையோடு நிற்பான். கணக்குப் பார்க்க வந்தவன் தார்சாவில் அமர்வான். உறவினர் பட்டாசல் வரை வருவர். அடுக்களை வீட்டுப் பெண்டிர்க்கே உரியது.

இவ்வரிசையில் நாயின் இடம் திண்ணைக்குக் கீழே முடிந்தது. மழைக்காலத்தில் திண்ணைமேல் ஏறிப் படுக்க விட்ட வீடுகள் உண்டு. நடைக்குள் விட்ட வீடுகள் அரிய. பூனைக்கோ எல்லையே இல்லை. புறவாசல் வழியே புகுந்து அடுக்களையிற் படுத்து, பட்டாசலைக் கடந்து, ஓட்டுக்கூரையின் மேலேறி அடுத்த வீட்டுக்குள் இறங்கும். சுவர் ஒட்டிய வீடுகளின் கூரைகள் பூனைக்கு ஒரே நெடுந்தெரு. ஆகையால் ஒரு பூனை ஒரு வீட்டுக்கு உரியது என்று சொல்வதே அரிதாயிற்று. அதற்கு ஒரு வீட்டில் ஒரு பெயரும் மறுவீட்டில் வேறு பெயரும் இருந்தால் வியப்பதற்கில்லை. ஓர் இல்லத்துள் வாழ்ந்த இரண்டு விலங்குகளுக்கு இத்துணை வேறுபட்ட உரிமைகள் எவ்வாறு அமைந்தன என்பதே இக்கட்டுரையின் வினா.

நாயும் வாயிலும்

நாயை வாயிலோடு இணைத்துக் காணும் வழக்கம் தமிழில் மிகத் தொன்மையானது. அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர், தலைவனும் தலைவியும் இரவிற் சந்திப்பதற்கு இடையூறாவன இவை எனத் தொகுத்துக் கூறுவர். தாய் உறங்காமை, நாய் உறங்காமை, ஊர் உறங்காமை, காவலர் விரைந்து திரிதல், நிலவு வெளிப்படுதல், கூகை குழறுதல், கோழி கூவுதல் என அவை விரியும். இத்தொகுப்பைத் தரும் நம்பியகப்பொருளின் ஆசிரியர் நாற்கவிராச நம்பி, பொருநை நாட்டுப் புளிங்குடியினர். தாய்க்கு அடுத்தபடியாக நாயை வைத்தது எதுகைக்காக மட்டும் எனக் கொள்ளல் பொருந்தாது. இல்லத்தின் மகளைக் காப்பவள் உள்ளே தாய், வெளியே நாய். காவலர்க்கும் முன்னதாக நாய் எண்ணப்பெறுதல், அதனை வீட்டினரில் ஒருவராகவே இலக்கணப் புலவர் கருதினர் என்பதைக் காட்டுகிறது. தலைவிக்கு அது நட்பன்று, தடை என்பதும் மறக்கற்பாலதன்று.

நாயின் காவற்றொழிலுக்குக் கல்லிற் பொறித்த சான்றும் உண்டு. திருவண்ணாமலைப் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல், பல்லவன் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அக்கல்லில், எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கோவிவன் எனப் பெயர் பூண்ட அவனது நாயும் உருவமாகச் செதுக்கப்பெற்றுள்ளது. கள்வர் இருவரை அது கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்தில் உள்ளது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாயின் நினைவைப் போற்றுவது. அது கி.பி. 949ஆம் ஆண்டை ஒட்டியது. இரண்டிலும் நாய்க்குத் தனிப்பெயர் உண்டு என்பதை நோக்குக. பெயர் பெற்ற விலங்கு மந்தையினின்று பிரிந்து குடும்பத்துள் வந்துவிட்ட விலங்காகும்.

நம் பள்ளத்தாக்கிலேயே இதற்கு இணையான கதை ஒன்று வழங்குகிறது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றைச் சார்ந்த சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் வழிபடப்பெறுகிறான். அவனே முத்துப்பட்டன் கதைப்பாடலின் தலைவன். ஆரியநாயகிபுரத்துப் பார்ப்பனக் குடியிற் பிறந்த அவன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்தார் இருவரை மணந்து, பூணூலைக் களைந்து, மாமனது தொழிலை ஏற்று, மாடுகளைக் காக்கையில் கள்வரால் மாண்டான் என்பது கதை. நா. வானமாமலை இப்பாடலைப் பதிப்பித்து ஆராய்ச்சி உலகுக்கு அளித்தார். மாடு காக்கும் நாயும் இக்கதையில் உண்டு. இன்றும் அடியார்கள் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவர். செருப்பும் நாயும் உயர்குடி வீட்டின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பெற்றவை. வாயிலுக்கு உள்ளே பிறந்த ஒருவன் வெளியே வந்து, வெளியே நிறுத்தப்பெற்றவற்றோடு வாழ்ந்து தெய்வமானான் என மக்கள் பாடினர். நாயை எங்கே நிறுத்துவது என்னும் வழக்கம் மனிதரை எங்கே நிறுத்துவது என்னும் வழக்கத்தோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பிணைப்பே நாயைப் பற்றிய நம் முன்னோர் கருத்தில் ஒரு முரணை உண்டாக்கிற்று. நாலடியார், யானை போன்றாரை விடுத்து நாய் போன்றாரை நட்புக்கொள்ளச் சொல்கிறது; எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அது கூறும் காரணம். மணிவாசகரோ தம்மை இழித்துக்கூற விரும்பும் இடங்களிலெல்லாம் நாயையே உவமையாக்குவர். சிவன் கோயிலில் வைரவரின் ஊர்தியாய் நாய் நிற்கும். உயிருள்ள நாய் அக்கோயிலுள் நுழைந்தால் தூய்மைச் சடங்கு செய்வர். அன்புக்கு எடுத்துக்காட்டாகவும் இழிவுக்கு எடுத்துக்காட்டாகவும் ஒரே விலங்கு அமைந்தது, அது வாயிலில் நின்றதனாலேயாம். வாயிலில் நிற்பது உள்ளும் அன்று, புறமும் அன்று.

பூனையும் நெல்லும்

பூனையின் வரலாறு வேறு வகையினது. சங்கப் பாடல்களில் வெருகு என்னும் சொல்லே மிகுதியும் காணப்பெறும். அது பெரும்பாலும் கோழி கவரும் காட்டுப்பூனை. இரவில் வேலியருகே வெருகைக் கண்டு அஞ்சிய இளம்பேடை, பருத்தி நூற்கும் பெண்ணின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிந்த காட்சியைப் புறநானூற்றின் 326ஆம் பாட்டு காட்டுகிறது. அங்குப் பூனை இல்லத்தின் பகை. தொல்காப்பிய மரபியல், வெருகைப் பூசை என வழங்குதலும் விலக்கத் தக்கதன்று என்று இசைவு தருகிறது. இசைவு தரவேண்டிய நிலையில் அவ்வழக்கு இருந்தது என்பதே நமக்கு வேண்டுவது. காட்டு விலங்குக்கும் வீட்டு விலங்குக்கும் இடையே பெயர் மாறிக்கொண்டிருந்த காலத்தை அந்நூற்பா நமக்கு உணர்த்துகிறது எனக் கருதுகின்றோம். பன்னிரண்டாம் நூற்றாண்டினர் எனப் பலரும் கொள்ளும் கம்பர், தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிடப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறுகிறார். வெருகு பாலை நாடி வருவதில்லை. பாற்கலத்தருகே பூனை இருத்தல் கேட்போர் அனைவரும் அறிந்த வீட்டுக்காட்சி ஆனபின்பே அவ்வுவமை பொருள்படும்.

இம்மாற்றத்தின் காரணம் நெல்லும் பாலுமாகும். இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனோடு பூனையும் அடக்கம் செய்யப்பெற்றிருந்தமை 2004இல் வெளிப்படுத்தப்பெற்றது. தானியம் சேமித்தவிடத்து எலி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது. நாயோ உழவுக்கு முன்னரே வேட்டுவனோடு வந்துவிட்டது. நாயை மனிதன் அழைத்தான்; பூனையை நெல் அழைத்தது.

நெல் என்றால் இப்பள்ளத்தாக்கை விட வேறிடம் செல்லவேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தின் பழம்பெயர் இளங்கோக்குடி. அவ்வூர்க் கோயிலுக்கு வரகுண பாண்டியன் 290 காசு வைத்து அறம் செய்தமையை ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கூறும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரு கலம் நெல் வட்டியாக 580 கலம் அளக்கப்பெறல் வேண்டும். அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் முதலியவற்றுக்கு அது பயன்படல் வேண்டும். கோயிற்கொட்டாரத்தில் இத்துணை நெல்லும் நெய்யும் தயிரும் குவிந்த ஊரில் எலியும் பூனையும் எவ்வளவு வாழ்ந்திருக்கும் என்பதைக் கல்வெட்டுக் கூறாவிடினும் நாம் உய்த்துணரலாம். கன்னடியன் கால்வாய் முதலிய கால்களால் காரும் பிசானமும் ஆகிய இருபோகம் விளைந்த இந்நிலத்தில் கோட்டைக் கணக்கில் நெல் வீட்டுக்கு வந்தது. எளியோர் வீட்டில் மண்குலுக்கையிலும், செல்வர் வீட்டில் மரப்பத்தாயத்திலும் அது சேமிக்கப்பெற்றது. பத்தாயம் இருந்த அறையே பூனையின் அலுவலகம். ஊதியம் ஒரு கொட்டாங்கச்சிப் பால். அல்லது திருடிக் குடித்த பால்.

திருட்டைத் தடுக்கவே உறி தோன்றிற்று எனச் சொல்லத் துணியோம். எறும்புக்கும் எலிக்கும் அது வேண்டுவதே. ஆயினும் பாலும் தயிரும் வெண்ணெயும் உத்தரத்திலிருந்து தொங்கியதற்குப் பெருங்காரணம் பூனையே. எட்டி எடுக்கும் உயரமும் தாவமுடியாத உயரமும் ஆகிய இரண்டுக்கும் இடையே உறியைக் கட்டுவது ஒரு கலை. அடுக்களையின் ஒழுங்கு முழுவதும் இவ்வாறு பூனையை நினைந்தே அமைந்தது: மூடிமேல் அம்மிக்குழவி, சாத்திய சாளரம், படுக்குமுன் பாற்பானையை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பாட்டியின் பழக்கம். அடுப்பிற் பூனை உறங்குகிறது என்றால் அவ்வீட்டில் உலையேறவில்லை என்பது பொருள். வறுமைக்கு இதைவிடச் சுருங்கிய இலக்கணம் எம்மொழியில் உண்டோ அறியோம். சூடு அடங்கிய அடுப்பின் சாம்பல் பூனைக்கு மெத்தை. அவ்வடுப்பு இரவில் மட்டும் அதற்கு உரியதாயின் குடும்பம் நலம். பகலிலும் உரியதாயின் குடும்பம் அழிந்தது.

சமய ஒழுக்கமும் இவ்வேறுபாட்டை வலுப்படுத்திற்று. பார்ப்பன வீடுகளில் நாய் தீண்டினால் நீராடுவர். பூனை மடியாக வைத்த பாத்திரங்களிடையே நடந்து செல்லும். மேலப்பாளையம், பொட்டல்புதூர் முதலிய ஊர்களின் இசுலாமியர் இல்லங்களிலும் இதே நிலை, வேறு காரணத்தால் அமைந்தது. பூனை வீட்டில் சுற்றி வரும் உயிர் ஆதலின் அது வாய்வைத்த நீர் தூயது என்பது அவர்தம் மரபு. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவர் பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் அபூகுறைரா என்னும் பெயராலேயே அறியப்பெறுகிறார். நாய் நாவிட்ட கலத்தைப் பலமுறை கழுவல் வேண்டும் என்பதும் அம்மரபே. ஆற்றின் இருகரையிலும் வேற்றுச் சமயத்தார் வாழ்ந்தும் பூனைக்குக் கதவு திறந்தும் நாய்க்குக் கதவு மூடியும் இருந்தமை காண்க. பயணம் புறப்பட்டவன் குறுக்கே பூனை சென்றால் அவன் திரும்பி வந்து நீர் அருந்திப் போவது மட்டும் அதற்குக் கிடைத்த இழுக்கு.

எஞ்சிய சோறு

இனி, ஆராய்ச்சியாளர் பெரிதும் கவனியாத ஒன்றைக் கூறுவோம். இவ்விலங்குகளுக்கு எனத் தனி உணவு எக்காலத்தும் சமைக்கப்பெறவில்லை. வீட்டில் ஆடவர் உண்டபின் சிறுவர் உண்பர், அதன்பின் பெண்டிர், இறுதியில் நாய். பெண்டிர்க்கும் நாய்க்கும் இடையே பங்கிடப்பெற்றது பானையின் அடிச்சோறு. அடிச்சோறு மிகுதியாயின் இருவரும் உண்டனர். குறைவாயின் எவர் விட்டுக்கொடுத்தார் என்பதை வீட்டின் தலைவர் அறியார். கதவருகே நின்று பெண் ஒருத்தி சோற்றை வைத்து அழைக்கும் குரல் தெருவின் அன்றைய நாள் முடிந்ததற்கு அறிகுறி. நாயை ஆளும் உரிமை ஆடவரிடமும், அதற்கு உணவிடும் கடமை பெண்டிரிடமும் இருந்தன. நாய் எவரை நேசித்தது என்பதில் ஐயமில்லை.

தெருநாய், வீட்டுநாய் என்னும் பாகுபாடும் அன்று இத்துணைக் கூர்மையாக இல்லை. மூன்று வீட்டுச் சோறு உண்ட நாய் மூன்று வீட்டையும் காத்தது. விலங்குப் பிறப்புக்கட்டுப்பாடு பற்றி 2001இல் முதலில் வகுக்கப்பெற்றுப் பின்னர் 2023இல் மாற்றியமைக்கப்பெற்ற விதிகள், இத்தகைய நாய்களைச் சமுதாய விலங்குகள் எனக் குறிக்கின்றன. சட்டம் புதிதாகக் கண்டுபிடித்ததாகத் தோன்றும் அக்கருத்து நம் தெருக்களின் பழவழக்கமே.

அன்போடு அச்சமும் இருந்தது. வெறிநாய் கடித்தால் பத்தியமும் மந்திரமுமன்றி வேறு புகல் இல்லாத காலம் நெடிது. கசௌலியில் 1900இல் பாஸ்டர் நிலையம் தோன்றியபின்பும், தெற்கே உள்ளோர் இமயமலைச் சாரல்வரை செல்ல வேண்டியிருந்தது. குன்னூரில் 1907இல் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் நிறுவப்பெற்றதும் வழி குறுகிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது அதன்பின் இரண்டு மூன்று தலைமுறைச் சிறுவர்க்குப் பேயினும் பெரிய அச்சமாயிற்று. மூளைத்திசுவிலிருந்து ஆக்கப்பெற்ற அம்மருந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் கைவிடப்பெற்றது. நாயின் இடம் திண்ணைக்குக் கீழ் என்னும் ஒழுக்கத்துக்குத் தீட்டு மட்டுமே காரணம் என்போர் இவ்வச்சத்தையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

மாறிய வீடு

இவ்வமைப்பு குலைந்தது நம் கண்முன்னேயாம். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் விளைச்சல் மிக்க நெல்வகைகளைத் தந்தது. நெல் பெருகிற்று, ஆனால் வீட்டுக்கு வருவது நின்றது. அறுவடைப் பொறி வயலிலேயே அறுத்து அடித்துத் தருகிறது. அங்கிருந்தே நெல் கொள்முதல் நிலையத்துக்கோ ஆலைக்கோ செல்கிறது. குலுக்கை உடைந்தது, பத்தாயம் பழம்பொருள் வணிகரிடம் சென்றது. பால் குளிர்பெட்டிக்குள் புகுந்தது, உறி மறைந்தது. எரிவாயு அடுப்பிற் சாம்பல் இல்லை. பூனைக்கு மெத்தையும் இல்லை. ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்தபின் அதன் நெடுந்தெருவும் அறுந்தது. ஓராயிரம் ஆண்டு வகித்த பணியைப் பூனை ஒரு தலைமுறையில் இழந்தது. பணி இழந்தபின்னும் அது வீட்டில் இருக்கிறது. அன்பு ஒன்றே காரணமாக மக்கள் பூனை வளர்ப்பது அண்மைக்கால நிகழ்ச்சியே.

நாயும் அவ்வாறே. கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களின் கன்னி, சிப்பிப்பாறை முதலிய வேட்டைநாய்கள் முயல் துரத்துதற்கு என வளர்க்கப்பெற்றவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபின் அவற்றின் தொழில் முடிந்தது. இராசபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. தொழில் போனபின் சிறப்பு வந்தது. எஞ்சிய சோறும் குளிர்பெட்டியிற் புகுந்துவிட்டதால் நாய்க்கு எனத் தனி உணவு விலைக்கு வாங்கும் வழக்கம் இவ்வூர்க் கடைகளிலும் வந்துவிட்டது. மாட்டுக்கு மட்டும் மருத்துவம் என்றிருந்த நிலை மாறிற்று. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்று பசுவோடு நாயும் பூனையும் சிகிச்சை பெறும்.

மக்கள் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் சென்றுவிட, பழந்தெருக்களில் முதியோர் மட்டும் எஞ்சிய வீடுகள் பல. அவ்வீடுகளிலேதான் நாய் திண்ணையைக் கடந்து, நடையைக் கடந்து, தார்சாவையும் கடந்து பட்டாசலில் படுத்தது. முதியோர் எழும் நேரமும் உலாவும் நேரமும் உண்ணும் நேரமும் அதனால் வகுக்கப்பெறுகின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குச் செல்லுதல் எளிதன்று. நாயை யாரிடம் விடுவது என்னும் வினா முன்னே நிற்கிறது. செல்லாமைக்கு அது சாக்காகவும் பயன்படுகிறது என்பதை அவ்வீட்டார் நன்கறிவர். தீட்டு என்று பாட்டனார் விலக்கியதைப் பேரன் வெளிநாட்டிலிருந்து பெயர் சொல்லி நலம் வினவுகிறான்.

மலையடிவாரத்து ஊர்களில் மாற்றம் இன்னொரு முகம் காட்டுகிறது. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் எல்லையை ஒட்டிய ஊர்களில் சிறுத்தை இறங்கி ஆட்டையும் நாயையும் கவர்தல் உண்டு. பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரம், அனவன்குடியிருப்பு ஆகிய ஊர்களில் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தனர். கட்டிவைத்த நாயே சிறுத்தைக்கு எளிய இரை. ஆதலின் அவ்வூர்களில் இருள் சூழ்ந்ததும் முதலில் நாயை உள்ளே அழைத்து, அதன் பின்னரே கதவுக்குத் தாழிடுகின்றனர்.